குறைவாகப் பேசுவதைத் திமிர் என்கிறார்கள், என்ன செய்யலாம்?

எனக்குச் சொந்த ஊர் கடலூர் முதுநகர். வைகாசியில் கல்யாணமாகி புதுச்சேரி முதலியார்பேட்டைக்கு வந்தேன். பெரிய குடும்பம், எல்லோரும் கலகலவென்று பேசுவார்கள். நான் சின்ன வயதிலிருந்தே கேட்டால்தான் பேசுவேன். வாட்ஸ்அப்பிலும் "சரி அத்தை" என்பதோடு சரி. அதைத் திமிர் என்று நாத்தனார் சொல்லிவிட்டார். மனசு வலிக்கிறது.

வாய்ஸ் மெசேஜ் அனுப்பிப் பார்த்தேன். என்ன பேசுவதென்று முன்கூட்டியே யோசித்தும் போனேன். நான் வாய் திறப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. அத்தையும் நானும் மட்டும் உட்கார்ந்து சங்கரா மீன் ஆயும்போது நன்றாகவே பேசுகிறேன். நாலு பேர் சேர்ந்தால்தான் வார்த்தை வருவதில்லை. கணவர் எடுத்துச் சொல்லியும் பயனில்லை.

மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சொந்தமெல்லாம் வருகிறது. என்னைப் போன்றவர்களே, கூட்டத்தில் ஒட்டாமல் நிற்பதாகத் தெரியாமலிருக்க உங்களுக்கு எது கைகொடுத்தது?