ஸ்வீடன் பாடகர் ஜென்ஸ் லெக்மனின் பழைய சிடி யாரிடமாவது இருக்கிறதா?

ஸ்வீடன் இண்டி (பெரிய இசை நிறுவனங்களைச் சாராத) இசை ரசிகர்களே, ஜென்ஸ் லெக்மனின் 2007 ஆல்பம் 'நைட் ஃபால்ஸ் ஓவர் கோர்டேடாலா' அசல் சிடி விலைக்குக் கிடைக்குமா? பழைய இசைத்தட்டுகளிலிருந்து எடுத்த சாம்பிள்களை (சிறு ஒலித் துண்டுகளை) அடுக்கி அடுக்கிச் செய்த அற்புதமான ஆல்பம். அந்த சாம்பிள் உரிமைச் சிக்கலில்தான் 2022இல் ஸ்ட்ரீமிங்கிலிருந்து போனது. அதற்குப் பதிலாக வந்த 'தி லிண்டன் ட்ரீஸ் ஆர் ஸ்டில் இன் பிளாசம்' வேண்டாம். அதில் சில பாடல்கள் மாற்றப்பட்டவை. உறையில் தலைப்பைப் பார்த்துவிடுங்கள்.

சிடியின் அடிப்பக்கத்தைச் சாய்த்து, டார்ச் அடித்து ஒரு படம் அனுப்புங்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் மெல்லிய கீறல் பரவாயில்லை, பிளேயரே பிழை திருத்திக்கொள்ளும். வட்டமாக, தடத்தோடு போகும் கீறல் தரவைத் தொடர்ச்சியாக அழிப்பதால் பாட்டு அங்கேயே தாவும். லேபிள் பக்கம் உரிந்திருந்தாலும் வேண்டாம், பாலிஷ் போட்டாலும் மீளாது. விலையைத் தபால் செலவோடு சேர்த்துச் சொல்லுங்கள்.