மலை 'மலெ' ஆகிறது. கை மட்டும் ஏன் 'கெ' ஆவதில்லை?

தேக்கா வாசகர் (கேள்வி)

வணக்கம். சிங்கப்பூரில் உயர்நிலை 1 மாணவர்களின் வாசிப்புப் பயிற்சிக்கு ஒலிப்புக் குறிப்பு ஒன்று தயாரிக்கிறேன். மலை, பறவை, கடை எல்லாம் பேச்சில் மலெ, பறவெ, கடெ என்று முடிகின்றன. கை, பை, தை மட்டும் அப்படியே நிற்கின்றன. 'கெ வலிக்குது' என்று யாரும் சொல்வதில்லை. அதே பிள்ளைகள் ஆங்கிலத்தில் 'டே' (நாள்), 'கோ' (போ) என்று ஒரே ஒலியாக நீட்டுகிறார்கள். பிரிட்டிஷ் ஒலிப்பதிவில் அது 'டெய்' போலக் கேட்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றா? எதைத் திருத்தலாம், எதை விட்டுவிடலாம்?

மாத்திரைக்கணக்கு

தமிழ் பற்றிய பாதிக்கு விடை ஐகாரக் குறுக்கத்திலேயே (ஐ தன் ஒலியளவில் குறைவது) இருக்கிறது. பள்ளியில் மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு மறந்துவிடுகிறோம். கை, பை என்று தனித்து நின்றால் ஐகாரத்துக்கு 2 மாத்திரை (ஒலிக்கும் நேர அளவு). வையம் என்று சொல்லின் முதலில் வந்தால் 1½. சமையல், பறவை என்று இடையிலும் கடையிலும் வந்தால் 1.

ஐ என்பது ஒரே இடத்தில் நிற்கும் ஒலி அன்று. 'அ'வுக்கு வாய் திறக்கிறது, பிறகு நாக்கு 'இ'யை நோக்கி மேலேறுகிறது. இந்தப் பயணத்துக்கு நேரம் வேண்டும். 2 மாத்திரையில் தாராளமாக முடியும், 1½இலும் முடிந்துவிடும். 1 மாத்திரை என்றால் வாய் முழுதாகத் திறப்பதும் இல்லை, நாக்கு உச்சிக்குப் போவதும் இல்லை. 'அ'வுக்கும் 'இ'க்கும் நடுவே இருப்பது 'எ', அங்கேயே நின்றுவிடுகிறது. பிள்ளைகள் அதைக் கேட்டே வளர்வதால் அடுத்த தலைமுறைக்கு அது குறுக்கம் அல்ல, சொல்லின் இயல்பான வடிவம். சோம்பேறித்தனம் என்று தயவுசெய்து குறிப்பில் எழுதாதீர்கள்.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. எழுத்துத் தமிழில் குறில் எகரத்தில் முடியும் சொல் கிடையாது (அளபெடையை விட்டுவிடுங்கள்). ஆகவே 'மலெ' வந்து உட்கார்ந்த இடம் காலி இடம். வேறு எந்தச் சொல்லோடும் அது மோதவில்லை.

முதலசையில் ஐகாரம் மறைவது போலத் தெரியும் சொற்கள் தனி வகை: ஐந்து → அஞ்சு, வைத்தான் → வச்சான். இங்கே 'இ' தொலையவில்லை, அடுத்த மெய்க்குள் புகுந்துவிட்டது. ந்த என்பது ஞ்ச ஆனதும் த்த என்பது ச்ச ஆனதும் அதனால்தான். சமைத்தாள் → சமச்சா, உடைந்தது → ஒடஞ்சது எல்லாம் இதே கணக்கு. குறிப்பில் இதற்குத் தனித் தலைப்பு கொடுங்கள். 'மலெ'யோடு சேர்த்தால் மாணவர் குழம்புவார்.

ஒலியலை

ஆங்கிலப் பக்கம் காரணம் கொஞ்சம் வேறு. 'டே'யில் நேரப் பற்றாக்குறை இல்லை, நீட்டித்தானே சொல்கிறோம்? அங்கே பயணமே மிகக் குறுகியது: 'எ'யிலிருந்து 'இ'க்குச் சற்று முன்புவரை. அதை விட்டாலும் பொருள் கெடாது, ஏனென்றால் சிங்கப்பூர் ஆங்கிலத்தில் 'டே'யோடு போட்டிபோட வேறொரு நெடில் ஏகாரம் இல்லை. 'பை' (வாங்கு), 'கவ்' (பசு), 'பாய்' (பையன்) ஆகிய மூன்றிலும் பயணம் நீளம். அவை இங்கே கூட்டொலியாகவே (ஓர் உயிரிலிருந்து இன்னொன்றுக்கு நகரும் ஒலி) நிற்கின்றன. 'பை'யும் ஒற்றை ஒலியானால் 'பா' ஆகி, ரகரம் ஒலிக்காத நம் 'பார்' (மதுக்கூடம்) மேல் போய் இடிக்கும்.

காதை நம்பாமல் அளந்து பார்க்கலாம். ஒலியை அளக்கும் ப்ராட் என்ற இலவச மென்பொருள் போதும். ஃபார்மன்ட் (வாயின் வடிவத்தால் வலுப்படும் அதிர்வெண்) உச்சவரம்பை ஆண்குரலுக்கு 5000, பெண்குரலுக்கு 5500 ஹெர்ட்ஸ் என வையுங்கள். உயிரொலியின் தொடக்கத்திலும் முடிவிலும் முதல் ஃபார்மன்ட்டை (வாய் மூட மூட இது இறங்கும்) குறித்து, வித்தியாசத்தை நீளத்தால் வகுக்க வேண்டும். 500இல் தொடங்கி 400இல் முடிந்து நீளம் 0.2 நொடி என்றால் நொடிக்கு 500 ஹெர்ட்ஸ் இறக்கம்: கூட்டொலி. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஒற்றை ஒலி. 'வே', 'ரே', 'மேல்' போன்ற ஆங்கிலச் சொற்களை எடுக்காதீர்கள். வ, ர, ல மூன்றும் ஃபார்மன்ட்டை இழுத்துவிடும், அளவு பொய்யாகும். 'டேட்', 'போட்' போல இரு பக்கமும் வல்லினம் உள்ள சொல்லே நல்லது.

பிரிட்டிஷ் ஒலிப்பு வேண்டுமென்றால் 'செய்' என்று சொல்லவைத்து, ச-வுக்குப் பதில் ட போடச் சொல்லுங்கள். கடைசி ய்-யைப் பாதியில் விடவேண்டும். அளவு மீறி வாயைத் திறந்தால் 'டை' ஆகி, 'செத்துப்போ' என்று பொருள் மாறும்.

கெடை

ஒரு துணுக்கு. மலாயில் கடைக்கு 'கெடை' என்கிறார்கள். தமிழிலிருந்து போன சொல். நாம் பேச்சில் 'கடெ' என்று சுருக்கிவிட்டோம், கடன் வாங்கியவர்களிடம் ஐகாரம் பத்திரமாக இருக்கிறது! ஆனால் அதே குடும்பத்து இந்தோனேசியப் பேச்சில் 'பாக்கை' (பயன்படுத்து) 'பாக்கே' ஆகிறது, 'காலாவ்' (என்றால்) 'காலோ' ஆகிறது.

வேறு மொழிகளிலும் இது உண்டு. சமஸ்கிருத கௌதம பாலி மொழியில் கோதம. எழுத்து அரபியின் 'பைத்' (வீடு) பல வட்டார வழக்குகளில் 'பேத்'. திரும்பி வருவதும் உண்டு. ஆங்கில 'டே' இடைக்காலத்தில் கிட்டத்தட்ட 'டை', பிறகு 'டே', 1800ஐ ஒட்டி மறுபடி 'டெய்'. ஸ்காட்லாந்தில் இன்றும் 'டே'தான்.

தேக்கா வாசகர்

மிக்க நன்றி. அப்படியானால் வாய்மொழித் தேர்வின் வாசிப்பில் 'பறவெ' என்றால் திருத்த வேண்டுமா?

மாத்திரைக்கணக்கு

வாசிப்பில் எழுத்தொலிப்புதான் எதிர்பார்க்கப்படும், எனவே இறுதி ஐகாரம் ஐகாரமாகக் கேட்க வேண்டும். ஆனால் 2 மாத்திரைக்கு 'பறவைஇ' என்று இழுக்கவைக்காதீர்கள், அதுவும் பிழை. உரையாடலில் 'பறவெ'யை விட்டுவிடுங்கள்.

கண்டிப்பாகக் கவனிக்க வேண்டியது சொல்வதெழுதல். 'அவனை', 'அவனே' இரண்டும் வேகமான பேச்சில் நெருங்கிவிடுவதால் பிள்ளைகள் ஒன்றுக்கு மற்றொன்றை எழுதுவார்கள். சொல்லைத் தனியாகச் சொல்லாமல் 'அவனைப் பார்த்தேன்', 'அவனே வந்தான்' என்று வாக்கியமாகச் சொல்லுங்கள். முதலதில் ப் மிகும். அந்த ஒற்றே வேற்றுமையைக் காட்டிக்கொடுத்துவிடும்.