கூல் டவுன்: ‘தணியோட்டம்’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

டர்போ எஞ்சின் உள்ள ஒரு காரின் கையேட்டை மொழிபெயர்த்தபோது ‘எஞ்சினைக் குளிர்வித்த பிறகு அணைக்கவும்’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தவர் கேட்டார்: “அணைத்தால்தானே எஞ்சின் குளிரும்? ஓடிக்கொண்டே இருந்தால் எப்படிக் குளிரும்?” தவறு அவரிடம் இல்லை, நான் போட்ட சொல்லில் இருந்தது. சுமையோடோ வேகமாகவோ ஓடி வந்த டர்போ எஞ்சினை, அணைக்குமுன் சிறிது நேரம் மெதுவாக ஓடவிட்டுச் சூட்டை இறக்குவதுதான் ‘கூல் டவுன்’. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை ‘குளிர்விப்பு’, ‘ஆறவிடல்’ என்ற இரண்டும் வந்திருக்கின்றன. நான் ‘தணியோட்டம்’ என்பதை முன்வைக்கிறேன்.

சொல்லுக்குப் போகுமுன் உள்ளே நடப்பதைப் பார்த்துவிடுவோம். டர்போவின் ஒரு முனையில் எஞ்சின் புகை மோதிச் சுழலும் சக்கரம் இருக்கிறது. மறுமுனையில் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் சக்கரம். இரண்டையும் இணைக்கும் தண்டு நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுகளுக்கு மேலும் சுழலும். பெரும்பாலான டர்போக்களில் அந்தத் தண்டு, அழுத்தத்தோடு ஓடும் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. உராய்வைத் தடுப்பதும் அந்த எண்ணெய்தான், சூட்டை அள்ளிக்கொண்டு போவதும் அதுதான். பெட்ரோல் எஞ்சின் முழுச்சுமையில் இழுக்கும்போது புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டும். நீண்ட மேட்டில் ஏறி வந்த கையோடு எஞ்சினை அணைத்தால் எண்ணெய்ப் பம்பும் சேர்ந்து நின்றுவிடும். புகைப்பக்கக் கூட்டில் இருக்கும் சூடு தண்டு வழியாக நடுப்பகுதிக்குள் ஏறும். அங்கே தேங்கிய எண்ணெய் கருகிக் கரியாகப் படியும். ஒருநாள் இப்படி நடந்தால் ஒன்றும் ஆகாது. அதுவே பழக்கமானால் எண்ணெய் வழி அடைபட்டு, தண்டைத் தாங்கும் தாங்கிகள் (பேரிங்குகள்) தேயும்.

ஆக, சூட்டை இறக்குவது எஞ்சினின் ஓட்டம்தான். சுமை இல்லாமல் மெதுவாக ஓடும்போது புகையின் வெப்பம் வெகுவாகக் குறைகிறது, எண்ணெயும் ஓடிக்கொண்டிருக்கிறது. கலைச்சொல்லில் இந்த ‘ஓட்டம்’ இல்லாவிட்டால் படிப்பவர் நேர்மாறாகப் புரிந்துகொள்வார்.

‘குளிர்விப்பு’ ரேடியேட்டர் செய்யும் வேலைக்கு ஏற்கெனவே புழங்கும் சொல். அதோடு, இங்கே எதுவும் குளிர்ந்துவிடுவதில்லை. இரண்டு நிமிடம் கழித்துத் தொட்டாலும் டர்போ கையைச் சுட்டுப் பொசுக்கிவிடும்.

‘ஆறவிடல்’ நல்ல தமிழ், எனக்கும் பிடித்தது. ஆனால் ‘ஆறவிடு’ என்றால் கை வைக்காமல் அப்படியே விட்டுவிடு என்றுதான் முதலில் தோன்றும். அதாவது, அணைத்துவிட்டுப் போ என்று! ‘ஆறோட்டம்’ என்று சேர்த்துப் பார்த்தேன். நதியின் ஓட்டமாகத்தான் கண்ணில் படுகிறது.

சரி, ஏன் ‘தணி’? காய்ச்சல் தணிந்தது, வெயில் தணிந்தது, கோபம் தணிந்தது என்கிறோம். எதுவும் சில்லிட்டுப் போகவில்லை, தாங்கும் அளவுக்கு இறங்கியிருக்கிறது. டர்போவுக்கு வேண்டியது இதேதான். தணிதல், தணித்தல் இரண்டுக்கும் வேர் ஒன்று என்பதால் சூடு தணியும் ஓட்டம், சூட்டைத் தணிக்கும் ஓட்டம் என இருவழியிலும் பிரிக்கலாம். ‘ஓட்டமா தணிகிறது, சூடுதானே?’ என்று இலக்கணம் அறிந்தவர்கள் கேட்கக்கூடும். ஆடுகளத்தில் களம் ஆடுவதில்லை. ஆட்டம் நடக்கும் இடம் அது. அதுபோலத்தான் இதுவும்.

நின்றிருக்கும் காருக்கு ‘ஓட்டம்’ பொருந்துமா என்றும் கேட்கலாம். கார் நின்றாலும் எஞ்சின் ‘ஓடுகிறது’ என்றுதானே சொல்கிறோம். இதில் இன்னொரு வசதியும் உண்டு: கடைசிச் சில நிமிடங்கள் மிதமாக ஓட்டி வந்தாலே டர்போவின் சூடு பெரிதும் இறங்கிவிடும், நிறுத்திய இடத்தில் காத்திருக்கத் தேவையிருக்காது. அதையும் தணியோட்டம் என்றே சொல்லலாம். அதனால்தான், கார் நின்றபடி எஞ்சின் மட்டும் சுமையில்லாமல் ஓடும் ஐட்லிங்கைக் குறிக்கும் ‘வெற்றோட்டம்’ என்பதை இதனுடன் கலக்க வேண்டாம் என்கிறேன்.

கையேட்டு வாக்கியம் இப்படி மாறும்: ‘அதிவேகமாக ஓட்டி வந்தாலோ, சுமையுடன் மேடேறி வந்தாலோ, ஒன்றிரண்டு நிமிடத் தணியோட்டத்துக்குப் பிறகே எஞ்சினை அணைக்கவும்.’

துணைச்சொற்களும் வேண்டியிருக்கின்றன. அணைத்த பிறகு நடுப்பகுதிக்குள் சூடு ஏறுவதை ‘வெப்ப ஊறல்’ எனலாம். சுவரில் ஈரம் ஊறுவதுபோல ஊறுகிறது. எண்ணெய் கரியாகப் படிவது ‘எண்ணெய்க் கருகல்’. சாவியை எடுத்த பிறகும் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைக்கும் டர்போ டைமருக்குத் ‘தணியோட்ட நேரமி’. டர்போசார்ஜரையே ‘மின்னேற்றி’ என்று சிலர் எழுதுவதை மட்டும் தயவுசெய்து தவிர்ப்போம். 1905இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி காப்புரிமை பெற்ற அந்த யோசனையே, வீணாகும் புகையின் விசையால் உள்ளே காற்றைத் திணிப்பதுதான். இந்தச் ‘சார்ஜ்’ காற்று, மின்சாரம் இல்லை.

ஒன்றுக்கு மட்டும் எனக்குச் சரியான சொல் அமையவில்லை. இன்றைய கார்கள் பலவற்றில் டர்போவின் நடுப்பகுதியைச் சுற்றிக் குளிர்நீர் ஓடுகிறது. சிலவற்றில் எஞ்சின் நின்ற பிறகும் ஒரு மின்பம்பு அந்த நீரைச் சுழலவிடும். அங்கே ஓடுவது எஞ்சின் இல்லை என்பதால் தணியோட்டம் பொருந்தாது. ‘பின்சுழற்சி’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் அது பின்னோக்கிச் சுழல்வது போலவும் படுகிறது. பொருத்தமான சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.