அம்மா கையில் தண்ணீராய்ப் போன ஜெல்

எம்.பார்ம் இரண்டாம் வருடம். வலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் என் ப்ராஜெக்ட். எனக்கு ஊர் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கம். அம்மா பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர். விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டிக் கிடக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்தெடுக்க வேண்டும். எங்கள் தெருவில் மணிக்கட்டு வலிக்காத பொம்பளையே கிடையாது. அதனால்தான் அந்தத் தலைப்பை எடுத்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் அது கைடு கொடுத்த தலைப்பு.

ஃபிரான்ஸ் செல் என்று ஒரு கண்ணாடிக் கருவி. மேலே ஜெல், நடுவில் பன்றிக் காதுத் தோல், கீழே பஃபர் என்கிற, அமிலத்தன்மை மாறாத திரவம். சுற்றிலும் வெந்நீர் ஓடி, தோலின் மேற்பரப்பு 32 டிகிரியில் நிற்க வேண்டும். மணிக்கொரு தடவை கீழிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, மருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்போம். தோலுக்கு அடியில் ஒரு காற்றுக்குமிழி மாட்டினால் தீர்ந்தது. ராத்திரி கண்விழித்ததெல்லாம் வீண். அந்தக் காதுக்காக விடியற்காலையில் கறிக்கடை வாசலில் நான் நின்ற கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

தோல் லேசில் வழிவிடாது. மேலே இருக்கும் செத்த செல் அடுக்கு முன்கை போன்ற இடங்களில் 10 முதல் 20 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). ஆனால் செங்கல்லும் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர் அது. செல்கள் செங்கல், இடையில் இருக்கும் கொழுப்பு சாந்து. ஆல்கஹால், புரொப்பிலீன் கிளைகால் போன்றவை அந்தச் சாந்தைக் கொஞ்சம் இளக்கி மருந்துக்கு வழி விடுகின்றன. மாதக்கணக்கில் அளவை மாற்றி மாற்றிப் போட்டு ஒருவழியாக ஜெல் தேறியது. கண்ணாடி மாதிரித் தெளிவு, டப்பாவைக் கவிழ்த்தாலும் விழாது.

அப்புறம் பொங்கல் லீவு. மருந்து கலக்காத வெறும் ஜெல்லில் ஒரு டப்பா ஊருக்கு எடுத்துப் போனேன். (சோதனையில் இருக்கும் மருந்தை வீட்டு ஆளிடம் தடவிப் பார்க்கக் கூடாது என்கிற புத்தி இருந்தது.) பிசுபிசுப்பு எப்படி என்று கேட்கத்தான். கடலிலிருந்து ஏறி வந்த அம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டு நீட்டினார். விரலில் எடுத்து வைத்தேன். தேய்க்கத் தேய்க்க ஜெல் தண்ணீராகி முழங்கை வழியே ஒழுகியது.

"என்னடா, கஞ்சியையா ஊத்துற?" என்றார்.

காரணம் எனக்குத் தெரிந்ததுதான், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். ஜெல்லைக் கெட்டியாக்க நான் போட்டது கார்போமர். அதன் சங்கிலிகளில் உள்ள மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால்தான் சங்கிலி விரிந்து தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. உப்பு பட்டால் சோடியம் வந்து அந்தத் தள்ளலை அடக்கிவிடும். சங்கிலி சுருண்டு தண்ணீரை விட்டுவிடும். யார் வியர்வையிலும் இது கொஞ்சம் நடக்கும். எங்கள் கரையில் தோல் மேல் கடலே காய்ந்து கிடக்கிறது. கழுவித் துடைத்த பன்றிக் காதுக்கு அது எப்படித் தெரியும்?

திரும்பி வந்து மின்னேற்றம் இல்லாத செல்லுலோஸ் வகைக்கு மாறினேன். உப்புக்கு ஓரளவு தாங்கியது, ஆனால் காய நேரமானது, பிசுபிசுப்பும் கூடியது. "நம்ம பெப்சி பாசியில செய்யேன்" என்றார் அம்மா. கேலியில்லை. பெப்சி கம்பெனி மூலம் எங்கள் கரையில் வளர்க்க வந்த பாசிக்கு ஊர் வைத்த பெயர் அது. அந்தப் பாசியில் எடுக்கும் கேரஜீனன் என்கிற கெட்டியாக்கும் பொருள் பொட்டாசியம் உப்பைக் கண்டால் இன்னும் இறுகும். செய்தும் பார்த்தேன். நோன்புக்குச் செய்கிற கடல்பாசி மாதிரித் துண்டு துண்டாக நின்றது. வெட்டலாம், தடவ முடியாது.

*

கீழக்கரைப் பக்கம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் நான். உங்கள் ஜெல் கதையைப் படித்தேன். உங்களுக்கு உப்பு, எனக்குச் சூடு. புற்றுநோய் வலிக்கு ஃபென்டானில் என்கிற கடுமையான வலி மருந்துப் பட்டையைத் தோலில் ஒட்டியிருந்த ஒரு பெரியம்மா. ஒருமுறை ஒட்டினால் 72 மணி நேரம். ஒருநாள் போனபோது கண்ணே திறக்கவில்லை, மூச்சு மெதுவாக இருந்தது. "ராத்தா, என்ன செஞ்சீங்க?" என்று அவர் மகளைக் கேட்டேன். "ஒண்ணும் செய்யலம்மா, முதுகு வலிக்குதுன்னாங்க, உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தேன்." பட்டை மேலேயே. சூடு பட்டால் தோலில் ரத்த ஓட்டம் கூடும், மருந்தும் வேகமாக உள்ளே இறங்கும். பட்டையைப் பிய்த்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டேன். நல்லவேளை, பிழைத்தார். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒத்தடத்தைப் பற்றித்தான் பேச்சு. கழற்றிய பட்டையிலும் மருந்து மிச்சமிருக்கும். பசைப் பக்கம் உள்ளே போகிற மாதிரி மடித்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள்.

*

நான் பாம்பனிலிருந்து. அமெரிக்காவில் முதன்முதலில் அனுமதி வாங்கிய பட்டை கடல் குமட்டலுக்குத்தானாமே? 1979, ஸ்கோபோலமின் என்கிற மருந்து, காதுக்குப் பின்னால் ஒட்டினால் 3 நாள் நிற்கும் என்று படித்தேன். மச்சானிடம் சொன்னேன். "குமட்டுறவன் எதுக்குடா கடலுக்கு வர்றான்?" என்றார். சரி, என் அத்தைக்குத் தினமும் இன்சுலின் ஊசி. அதையும் பட்டையாக ஒட்ட வழியில்லையா?

*

முதலில் எழுதியவன்தான். சும்மா ஒட்டினால் இறங்காது அண்ணே. 500 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேல் உள்ள மூலக்கூறைத் தோல் பெரும்பாலும் விடாது. டைக்ளோஃபெனாக் 300க்குள், இன்சுலின் ஏறக்குறைய 5,800. அந்தச் சுவரில் ஓட்டை போட, கண்ணுக்கு லேசில் தெரியாத நுண்ணூசிகள் பதித்த பட்டைகளில் ஆராய்ச்சி நடக்கிறது. அதுவரை அத்தைக்கு ஊசிதான்.

நர்ஸ் அக்கா சொன்ன ஒத்தடம் எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். 32 டிகிரியை ராத்திரி முழுக்கக் காவல் காத்தவன் நான்.

என் ஜெல் என்ன ஆனது என்று கேட்பீர்கள். தீசிஸ் லைப்ரரியில் தூங்குகிறது. அம்மா கடைத் தைலம்தான் தேய்க்கிறார். "நல்ல தண்ணியில கையைக் கழுவிட்டுத் தேய்ங்கம்மா" என்றேன் போன வாரம்.

"நல்ல தண்ணி ஒரு குடம் என்ன விலைன்னு தெரியுமாடா உனக்கு?"