மேட்டூர் திறக்கும் முன்பே

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்

மன்னார்குடி அத்தை: ராத்திரி முழுக்க ஏசியிலிருந்து தண்ணீர் ஒழுகி மெத்தையெல்லாம் ஈரம். பார்க்க வந்த ஆள் கேஸ் தீர்ந்துவிட்டது, 3,500 ரூபாய் ஆகும் என்கிறார். தஞ்சாவூர் மெக்கானிக் எங்கே போனாய்?

சித்தப்பா: ஜூன் 12-க்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் அக்கா வீட்டுக்கு மேட்டூர்த் தண்ணீர் வந்துவிட்டதா 😂

நான்: பணம் கொடுத்துவிடாதீர்கள் அத்தை. அறை குளிர்கிறதா?

மன்னார்குடி அத்தை: அதற்கு ஒரு குறையும் இல்லை. 18-ல் வைத்தால் மாமா போர்வை தேடுகிறார்.

நான்: அப்படியானால் கேஸ் இருக்கிறது. அது பெட்ரோல் போல எரிந்து தீர்கிற சரக்கு இல்லை. உள்ளே ஆவியாகும்போது அறைச் சூட்டை வாங்கிக்கொள்ளும். கம்பிரசர் அதை அழுத்தி அனுப்ப, வெளியே சூட்டை விட்டுவிட்டுத் திரவமாகித் திரும்பி வரும். அதே கேஸ்தான் வருஷக்கணக்காகச் சுற்றுகிறது. குறைந்தால் எங்கோ கசிவு. அதை அடைக்காமல் நிரப்பினால் காசுக்குக் கேடு.

மன்னார்குடி அத்தை: அப்போ இந்தத் தண்ணீர்?

நான்: நம் ஊர்க் காற்றின் ஈரம். ஐஸ் தண்ணீர் வைத்த சொம்பு வெளியே வேர்க்குமே, அதேதான். ஏசிக்குள் கேஸ் ஓடும் குளிர்ந்த குழாய்ச் சுருள், அதாவது காயிலில் வேர்த்து, தட்டில் சொட்டி, குழாய் வழியாக வெளியே போக வேண்டும். கொல்லைப்பக்கம் குழாய் வாயைப் பாருங்கள்.

கும்பகோணம் பெரியப்பா: குளிருக்கு வாங்கியது ஈரத்தையும் இழுக்கிறதா!

நான்: பிறந்ததே ஈரத்துக்காகத்தான் பெரியப்பா. 1902-ல் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் வடிவமைத்தது. தாள் ஈரத்தில் விரிந்து சுருங்கி, நிறங்கள் பொருந்தாமல் போயின.

கும்பகோணம் பெரியப்பா: ஐப்பசி வந்தால் நம் அச்சகத்திலும் அதே கூத்துதான். பிள்ளையாரின் சிவப்பு ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கமாக விழுந்த கல்யாணப் பத்திரிகை ஒன்று இன்னும் பீரோவில் இருக்கிறது.

மன்னார்குடி அத்தை: 📷 குழாய் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது!

நான்: ஏசியை அணைத்துவிட்டு, குளவி இல்லையென்று பார்த்து, ஈர்க்குச்சியால் குத்துங்கள். அப்புறம் ஃபில்டரையும் கழுவுங்கள். நெல் தூசி அடைத்தால் காற்று ஓடாமல் காயிலில் ஐஸ் கட்டும். அது உருகினாலும் இப்படித்தான் ஒழுகும்.

மன்னார்குடி அத்தை: மாமா குத்தினார். அரை வாளித் தண்ணீர், அவர் வேட்டியிலேயே.

சித்தப்பா: அத்தான் கையால் மதகு திறப்பு 🙏

மன்னார்குடி அத்தை: இரு, அந்த ஆள் போன் செய்கிறார். சிலிண்டரோடு கிளம்பிவிட்டாராம்.