மீட்டரில் 18 ஆயிரம், ஆனா இன்ஜினை இறக்கணுமாம்!

தருமபுரி, தொடக்கப் பதிவு
வாங்கி அஞ்சு வருஷம், ஓட்டம் 18 ஆயிரம் கி.மீ. இப்படி வர்ற வண்டிகள்ல ஆயில் குறையுது, நீலப் புகை, டைமிங் செயின் (வால்வு திறக்கற நேரத்தை ஒத்துவைக்கற சங்கிலி) சத்தம், செக் இன்ஜின் லைட்டுன்னு புகார் கூடிட்டே போகுது. சர்வீஸ்ல கேட்டா "ஓட்டாம வெச்சதாலதான்"னு ஒரே பதில். "ஓடவே ஓடாத வண்டி எப்படிங்க தேயும்?"னு ஓனருக்குக் கோபம். ரெண்டு பக்கமும் பாதி சரி. இன்ஜினைப் பிரிச்சுப் பார்த்த மெக்கானிக்குங்க, உள்ளே என்ன இருந்துச்சுன்னு அளவோட எழுதுங்க. கம்பெனி பேரு வேண்டாம்.

பாலக்கோடு, பெட்ரோல் வேலை
முதல்ல கேட்க வேண்டியது கி.மீ. இல்லீங்க, ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணினா எவ்வளவு தூரம் போகுதுங்கறதுதான். வீடு, பள்ளிக்கூடம், சந்தைன்னு தினம் 3 கி.மீ. போற வண்டிக்கு இன்ஜின் ஆயில் ஒருநாளும் முழுசா சூடாகறதில்ல. இன்ஜினைக் குளிர்விக்கற கூலன்ட்டோட சூட்டைக் காட்டற முள்ளு நடுவுக்கு வந்துட்டா போதும்னு நினைக்கிறாங்க. ஆயில் சூடாக அதைவிட ரொம்ப நேரம் பிடிக்கும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி உண்டாகும். பெரும்பகுதி ஆவியா சைலன்சர் வழியாப் போயிடும். பிஸ்டன் ரிங் இடுக்கு வழியா கீழே இறங்குற கொஞ்சம், குளிர்ந்த இன்ஜின்ல ஆயிலோட கலந்து நிக்கும். கூடவே எரியாத பெட்ரோலும் சேரும். வருஷக்கணக்கா இப்படியே ஓடினா ஆயில் கறுத்த களியாகி, சம்ப்புல (இன்ஜின் அடியில இருக்கற ஆயில் தொட்டி) இருக்கற ஸ்டிரெய்னர் வலையை அடைச்சிடும். மேலே வால்வைத் திறக்கற கேம் ஷாஃப்டுக்கு ஆயில் ஏறாது. டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கற டென்ஷனர் ஆயில் அழுத்தத்துல வேலை செய்யறதால, முதல்ல சத்தம் வர்றது அங்கதான். செயினை மட்டும் மாத்தி அனுப்பிட்டா ஆறு மாசத்துல திரும்ப வரும்.

பார்க்கற முறை: ஆயில் மூடியைக் கழட்டுங்க. உள்பக்கம் வெண்ணெய் மாதிரி வெளிர் கூழ் இருந்தா தண்ணி சேர்ந்திருக்கு. உடனே ஹெட் கேஸ்கட் (இன்ஜினோட மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில இருக்கற அடைப்புத் தகடு) போச்சுன்னு பயப்படாதீங்க. கூலன்ட் டப்பாவுல மட்டம் குறிச்சு வெச்சு, ரெண்டு வாரம் பாருங்க. மட்டம் இறங்கலேன்னா அது வெறும் வேர்வைத் தண்ணிதான். 25 கி.மீ. ஒரே ஓட்டமா ஓட்டிட்டு ஆயிலும் ஃபில்டரும் மாத்தினா சரியாயிடும். களி முத்திப்போன இன்ஜின்ல ஃப்ளஷ் (உள்ளே கழுவற திரவம்) ஊத்தாதீங்க. உடைஞ்ச கட்டி நேரா ஸ்டிரெய்னருக்குத்தான் போகும். சம்ப்பை இறக்கிக் கழுவி, புது ஆயிலை 2,000 கி.மீ.லயே ஒரு தடவை மாத்திடணும்.

சூளகிரி, டீசல்
பெட்ரோலுக்கு அது. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார்னா வேற கதை. சைலன்சர் லைன்ல டி.பி.எஃப்.ங்கற கரி வடிகட்டி இருக்கு, கரியைப் பிடிச்சு வெச்சிருந்து அப்பப்ப தானே எரிச்சுக்கும். எரிக்க 600 டிகிரி பக்கம் சூடு வேணும். அதுக்காக இன்ஜின் கூடுதலா டீசல் அடிக்கும். ஊருக்குள்ளயே ஓட்டி பாதியில ஆஃப் பண்ணினா கரி எரியாது. அடிச்ச டீசல்ல ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியா ஆயில்ல இறங்கிடும்.

அதனால டிப்ஸ்டிக்ல (ஆயில் அளவு பார்க்கற கம்பி) மட்டம் ஏறும். "ஆயில் குறையவே இல்ல, நல்ல இன்ஜின்"னு சந்தோஷப்படறாங்க பாருங்க, அதுதான் ஆபத்து. மேல்கோட்டைத் தாண்டி, மோந்தா டீசல் வாசனை வந்தா உடனே ஆயிலை மாத்துங்க. நீர்த்துப்போன ஆயில்ல டர்போ பேரிங்கும் கிராங்க் பேரிங்கும்தான் முதல்ல அடிவாங்கும்.

எரிப்பு நடக்குதுன்னு எப்படித் தெரியும்: ஐடில் ஆர்.பி.எம். (வண்டி நிக்கும்போது இன்ஜின் சுத்தற வேகம்) கொஞ்சம் ஏறியிருக்கும், மைலேஜ் திடீர்னு இறங்கும், வண்டியை நிறுத்தின பிறகும் ஃபேன் பலமா ஓடும், கருகின சூடு வாசனை வரும். அப்ப ஆஃப் பண்ணாதீங்க. டி.பி.எஃப். லைட் எரிஞ்சா, ஆயில் மட்டம் சரியா இருக்கான்னு பார்த்துட்டு, தேசிய நெடுஞ்சாலை 44-ல ஏறுங்க. 2,000 ஆர்.பி.எம்.முக்கு மேல வெச்சு, 60-80 வேகத்துல 20 நிமிஷம். தருமபுரிக்காரங்க காரிமங்கலம் வரை போனா போதும். லைட் மினுக்கினாலோ, கூடவே செக் இன்ஜின் எரிஞ்சாலோ ஓட்டிச் சரிபண்ணப் பார்க்காதீங்க, ஸ்கேனர் வேணும்.

ஆயில் வாங்கும்போது கையேட்டுல போட்ட கிரேடு மட்டும்தான். சாம்பல் அதிகமுள்ள பழைய டீசல் ஆயில் ஊத்தினா, அந்தச் சாம்பல் எந்தச் சூட்டுலயும் எரியாது, டி.பி.எஃப்.ல நிரந்தரமா தங்கிடும்.

தொப்பூர், ஹெட் வேலை
நம்ம ஊருக்கே உரிய ஒண்ணை விட்டுட்டீங்க: ஆழ்துளைக் கிணத்துத் தண்ணி. தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே நிலத்தடி நீர்ல ஃபுளோரைடு இருக்கறதாலதான். உப்பும் கடினமும் வேற. அந்தத் தண்ணியை ரேடியேட்டர்ல ஊத்தினா, டீ போடற பாத்திரத்துல படியுதே அதே வெள்ளைப் படிவு உள்குழாய்ல படியும். சமவெளியில ஒண்ணும் தெரியாது. சேலத்துலேர்ந்து திரும்பி வரும்போது நாலு பேரு, ஏ.சி. போட்டு தொப்பூர் கணவாய் ஏறினா முள்ளு சிவப்புக்குப் போயிடும். ஒரே தடவை போதும், அலுமினியம் ஹெட் வளைய. நேர்க்கோலும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கற மெல்லிய தகடு) வெச்சுப் பார்த்தா, 0.05 மி.மீ. தாண்டினாலே பெரும்பாலான கார் ஹெட்டுக்கு ஃபேசிங் (சமமா அரைக்கற) வேலைதான்.

கூலன்ட் ஓட்டத்தைப் பார்த்து மாத்தற பொருள் மட்டும் இல்ல, வருஷத்தையும் பார்க்கணும். அதுல இருக்கற துரு தடுக்கும் மருந்து சும்மா நின்னாலும் தீர்ந்துடும். செறிவான கூலன்ட்னா டிஸ்டில்டு வாட்டர்ல பாதிக்குப் பாதி. பேட்டரிக் கடையில கேன்ல கிடைக்கும்.

இன்னொண்ணு. சூடாகுதுன்னு சொன்னதும் தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசற பழக்கம் இன்னும் போகல. அது 82-88 டிகிரி பக்கம் திறக்கற வால்வு. கழட்டினா இன்ஜின் எப்பவும் குளிர்ந்தே ஓடும். பாலக்கோட்டுக்காரர் சொன்ன களி சீக்கிரமா வரும். ஓசூர் மார்கழிப் பனியில இன்னும் மோசம்.

பர்கூர்
தூசியைச் சொல்லாம முடிக்க முடியாது. கிரானைட் குவாரி ரோட்டுப் பக்கம் ஓடற வண்டிக்கு ஏர் ஃபில்டரை கம்ப்ரஸர் வெச்சு அடிச்சு அடிச்சே கிழிச்சிடறாங்க. காகிதத்துல ஊசி ஓட்டை விழுந்தாலும் கல்தூசி உள்ளே போய் ரிங்கையும் போரையும் (சிலிண்டர் உள்சுவர்) உரசித் தீர்த்திடும். ஃபில்டருக்கு அப்புறம் இருக்கற ஹோஸைக் கழட்டி உள்ளே விரலால தடவுங்க. மாவு மாதிரி ஒட்டினா ஃபில்டர் பெட்டியோட கிளிப்பையும் ரப்பரையும் பாருங்க. நிறுத்தியே வெச்ச வண்டின்னா எலியும் அங்கதான் கூடு கட்டும்.

பாலக்கோடு, பெட்ரோல் வேலை
ரிங்கா வால்வான்னு பிரிக்காமலே தெரிஞ்சுக்கலாம். இன்ஜின் சூடான பிறகு எல்லா பிளக்கையும் கழட்டி, இக்னிஷன், இன்ஜெக்டர் கனெக்டரை எடுத்துட்டு, ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சு கம்ப்ரஷன் (சிலிண்டர்ல எழும்பற அழுத்தம்) பாருங்க. சிலிண்டருக்குச் சிலிண்டர் 10-15 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைஞ்ச சிலிண்டர்ல ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டுத் திரும்பப் பாருங்க. அழுத்தம் ஏறினா ரிங். ஏறலேன்னா வால்வு இல்ல கேஸ்கட். பக்கத்து பக்கத்து ரெண்டு சிலிண்டர் சேர்ந்து குறைஞ்சா கேஸ்கட்தான். நின்ன வண்டியில ரிங் தேயறதைவிட கார்பன்ல ஒட்டிக்கறதுதான் அதிகம், போரைக் கடைஞ்சு பெரிசாக்கச் சொன்னா அவசரப்படாதீங்க.

கிருஷ்ணகிரி, நுகர்வோர் வழக்கு விவரம்
வாரன்டியில் "எது முந்துகிறதோ" என்ற சொற்களைப் பலர் பார்ப்பதில்லை. சர்வீஸும் அப்படித்தான்: 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு என்று இருந்தால், 4,000 ஓடியிருந்தாலும் ஆண்டு முடிந்ததும் ஆயில் மாற்றியிருக்க வேண்டும். அந்த பில் இல்லாத இடத்தில்தான் பல கோரிக்கைகள் மடிகின்றன.

பில் சரியாக இருந்தும் மறுத்தால், இன்ஜினைப் பிரிக்க வாய்மொழியாகச் சம்மதிக்காதீர்கள். ஜாப் கார்டில் (சர்வீஸ் வேலைச் சீட்டு) கி.மீ., தேதி, உங்கள் புகாரை உங்கள் சொற்களில் எழுதச் சொல்லுங்கள். வடிக்கும் ஆயிலில் கால் லிட்டரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து முத்திரையிடுங்கள். கழற்றிய பாகங்களைப் படமெடுங்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வழக்கை நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை அனுமதிக்கிறது. செலுத்திய விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்து வைப்பது நல்லது.

தருமபுரி, தொடக்கப் பதிவு
நன்றிங்க. ஒரு கேள்வி: தினம் போர்டிகோவுல அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வெச்சா?

சூளகிரி, டீசல்
வேண்டவே வேண்டாம். அதுதான் தண்ணியும் கரியும் சேர்க்கற வழி. வாரம் ஒருநாள் 20 கி.மீ. ஓட்டுங்க. டைமிங் செயினுக்குப் பதில் ரப்பர் பெல்ட் இருக்கற வண்டின்னா கையேட்டுல போட்ட வருஷக் கெடுவைத் தள்ளாதீங்க, வண்டி சும்மா நின்னாலும் ரப்பர் வெடிப்பு விடும். அறுந்தா பல இன்ஜின்ல வால்வு பிஸ்டன்ல இடிச்சு வளையும்.

பழசு வாங்கறவங்க மீட்டரை நம்பறதுக்கு முன்னாடி டயர் பக்கவாட்டுல இருக்கற நாலு எண்ணைப் பாருங்க. 2319னா 2019-ம் வருஷம் 23-வது வாரம். 2018 மாடல், 15 ஆயிரம்தான் ஓடினதுன்னு சொல்ற வண்டியில நாலு டயரும் 2022-ல செஞ்சதா இருந்தா, முதல் செட் எங்க போச்சுன்னு கேளுங்க.