டனமேஸ் கோட்டைக்குக் கார் இல்லாமல் போக வழி உண்டா?

வணக்கம். அக்டோபர் கடைசியில் மாமனாரை அயர்லாந்தின் லீஷ் மாவட்டத்தில் இருக்கும் டனமேஸ் பாறைக் கோட்டைக்கு அழைத்துச் செல்ல நினைக்கிறேன். டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து போர்ட்லீஷ் வரை ரயிலில் போய்விடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். மீதி ஆறு கிலோமீட்டருக்கு டாக்சி எளிதாகக் கிடைக்குமா? திரும்பி வருவதற்கும் டாக்சி ஓட்டுநரிடமே நேரம் சொல்லிவைக்கலாமா?

மாமனாருக்கு மூட்டுவலி. சமவெளியில் தனியே நிற்கும் 45 மீட்டர் சுண்ணாம்புப் பாறை அது. படி என்றால் மெல்ல ஏறிவிடுவார். மழையில் ஊறிய புல்சரிவை நினைத்தால்தான் எனக்குக் கவலை. வாயிலைத் தாண்டி உச்சியில் இருக்கும் இடிந்த மண்டபம் வரை பாதை எப்படி? பிடித்துக்கொள்ள ஏதாவது உண்டா?

டிரிம் கோட்டைக்குப் போங்கள் என்பீர்கள், தெரியும். அங்கே பஸ்ஸிலேயே போகலாம், இருபது பக்கங்கள் கொண்ட நடுக்கோபுரமும் அருமைதான். ஆனால் மாமனார் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். 1170இல் நார்மன் பிரபு ஸ்ட்ராங்போ, அயர்லாந்தின் லென்ஸ்டர் அரசர் மகள் ஈஃபாவை மணந்தபோது சீதனத்தோடு சேர்ந்து போன கோட்டை இது என்று படித்துவிட்டு, டனமேஸ்தான் வேண்டும் என்கிறார். பேசிப் பயனில்லை.

பக்கத்தில் கழிப்பறையும் சூடாகத் தேநீரும் எங்கே கிடைக்கும் என்பதையும் போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.